முற்றிய மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும்: பர்மாத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்பத்திரிக் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும், டாக்டர் பர்மிய மொழியில் பேசுவார், வீட்டிலுள்ள பெரியவர்கள் தமிழில் கேட்பார்கள். ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மீன் பக்கங்களில் இந்த மூன்றுக்கும் நடுவே நின்று பதில் சொல்ல வேண்டியவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இங்கே தரும் அளவுகள் உலக வழக்கத்தில் உள்ளவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது எவ்வளவு என்பதை அவருடைய புற்றுநோய் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நோய் எந்த இடத்தில் வருகிறது? ஏன் முற்றிய பிறகே தெரிகிறது?

மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி இருக்கும் பகுதிதான் மூக்குத்தொண்டை. அதன் பக்கச் சுவரில், காதுக்குப் போகும் குழாயின் வாய்க்குப் பின்னால் ஒரு குழி உண்டு. நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. வலியும் இருக்காது. பலருக்கு முதல் அடையாளமே கழுத்தில் வலியில்லாத கட்டிதான். அதற்கு முன்பே ஒரு பக்கக் காது அடைத்திருக்கும். காலையில் காறும்போது சளியில் ரத்தக் கோடு தெரிந்திருக்கும், ஒரு பக்க மூக்கு அடைத்திருக்கும். நோய் எலும்புக்குள் போனால் இரட்டைப் பார்வை, கன்னம் மரத்துப்போதல், தீராத தலைவலி என்று வரும்.

இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணத் தொல்லைகள். காதுக்குச் சொட்டு மருந்து, மூக்குக்குப் பீச்சும் மருந்து, கழுத்துக் கட்டிக்குக் காசநோய் மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். காசநோய் நிறைய உள்ள நாடு என்பதால் கழுத்துக் கட்டி என்றதும் அந்த நினைப்பு வருவது இயல்பு. ஆனால் ஊசியால் உறிஞ்சிச் சோதிக்காமல் காசநோய் மருந்தைத் தொடங்க வேண்டாம். வயது வந்த ஒருவருக்கு ஒரே ஒரு காதில் நீர் கோத்துச் சில வாரங்களில் தீராவிட்டால், மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்துக் கட்டியை முதலிலேயே அறுத்து எடுத்துப் பார்ப்பது தவறான வரிசை. ஊசிச் சோதனையும், மூக்குத்தொண்டையிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும்தான் முதலில்.

அப்பா சிகரெட்டே தொட்டதில்லை. பிறகு ஏன்?

தென்சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த நோய் மற்ற இடங்களைவிட அதிகம். இங்கே காணப்படும் வகையில் பெரும்பாலும் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்குப் பங்கு உண்டு. அந்த வைரஸ் உலகில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. பரம்பரைச் சாய்வும் உண்டு. உணவில் உறுதியாக நிரூபிக்கப்பட்டது சீன முறையில் உப்பிட்ட மீன், அதிலும் சிறு வயதிலிருந்தே சாப்பிடுவது. இதை வைத்துக்கொண்டு வீட்டில் உள்ள ஙப்பியையும் (பர்மிய மீன் விழுது) கருவாட்டையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். நோய் வந்த பிறகு அந்த விசாரணையால் பயனும் இல்லை.

ஒரு ரிப்போர்ட்டில் 4ஏ என்றும் இன்னொன்றில் 3 என்றும் போட்டிருக்கிறார்கள். நோய் குறைந்துவிட்டதா?

குறையவில்லை, நோய்நிலையைக் கணக்கிடும் புத்தகத்தின் பதிப்பு மாறியிருக்கிறது. கட்டி மூளைப் பக்கமோ தலை நரம்புகளுக்கோ பரவியிருந்தாலும், கழுத்துக் கட்டி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும், கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியிருந்தாலும், பழைய எட்டாம் பதிப்பில் அது 4ஏ. 2025இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் பதிப்பில் அதே நிலை 3. இப்போது 4 என்றால் எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தூர இடங்களுக்குப் பரவியது என்று பொருள். எந்தப் பதிப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் பேசுவது, கழுத்து வரை வந்தும் தூரத்துக்குப் போகாத நோயைப் பற்றி. அதைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள்.

ஏன் ஆபரேஷன் செய்து எடுத்துவிடக் கூடாது?

இடம் அப்படி. தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் தலை நரம்புகளும் அங்கேதான் போகின்றன, ஓரம் விட்டுச் சுத்தமாக வெட்டி எடுக்க வழியில்லை. இன்னொரு பக்கம், இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும். ஆபரேஷன் என்பது சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சுகிற அல்லது திரும்பி வருகிற சிறு கட்டிக்குத்தான்.

கதிர்வீச்சே போதாதா? கீமோவும் எதற்கு?

ஆரம்பநிலைக்குக் கதிர்வீச்சு மட்டும் போதும். முற்றிய நிலையில் இரண்டு தொல்லைகள்: கட்டி பெரியது, கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஏற்கெனவே ரத்தத்தில் போயிருக்கலாம். கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கதிர் பட்ட புற்றணுக்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. முன்போ பின்போ தரும் மருந்து, போன விதைகளைத் தேடிப் போகிறது.

1998இல் வெளியான அமெரிக்க ஆய்வுதான் திருப்பம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு உயிரோடு இருந்தவர்கள் 47 சதவீதம், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 சதவீதம். அது பழைய கதிர்வீச்சு முறைக் காலம். கருவிகள் மேம்பட்ட பிறகு இரு பக்கமும் எண்கள் உயர்ந்து, இடைவெளி குறுகியிருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கணக்கில், கீமோ சேர்ப்பதால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 6 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது. அதிகப் பலன் கதிர்வீச்சு நடக்கும்போதே சேர்த்துத் தரும் கீமோவிலிருந்து வருகிறது.

இந்த எண்கள் எல்லாம் கதிர்வீச்சை இடைவெளி இல்லாமல் முடிப்பதைத் திட்டமாகக் கொண்ட ஆய்வுகளில் வந்தவை. கீமோவைக் காப்பாற்றப் போய்க் கதிர்வீச்சை நிறுத்துவது தலைகீழ். முதுகெலும்பு கதிர்வீச்சுதான். உடம்பு தாங்காவிட்டால் ஒரு டோஸ் கீமோவை விடலாம், கதிர்வீச்சில் ஒரு நாளையும் விடக் கூடாது.

எந்த வரிசையில் தருவார்கள்? மொத்தம் எத்தனை மாதம்?

இப்போது பல இடங்களில் முற்றிய நோய்க்கு முதல் தேர்வு: முன்கூட்டியே மூன்று சுற்று ஜெம்சிட்டபினும் சிஸ்பிளாட்டினும், பிறகு கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் ஒன்றாக. ஒவ்வொரு சுற்றும் 21 நாள். ஜெம்சிட்டபின் ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 1000 மி.கி. வீதம் 1ஆம் நாளும் 8ஆம் நாளும், சிஸ்பிளாட்டின் 80 மி.கி. வீதம் 1ஆம் நாள். சீனாவில் 480 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இந்த முறையில் 85.3 சதவீதம், முன்கீமோ இல்லாமல் நேரே சேர்த்துத் தந்ததில் 76.5 சதவீதம்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று நான்கு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். அதன் மொத்த அளவு 70 கிரே (கதிரை அளக்கும் அலகு), 33 முதல் 35 பிரிவுகளாக, வாரம் ஐந்து நாள், ஆறரை முதல் ஏழு வாரம். நோய் இல்லாவிட்டாலும் பரவக்கூடிய பகுதிகளுக்குச் சற்றுக் குறைந்த அளவு. கூடவே சிஸ்பிளாட்டின்: 100 மி.கி. வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 40 மி.கி. வீதம் வாரம் ஒருமுறை. எந்த முறையானாலும் கதிர்வீச்சுக் காலத்தில் மொத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 மி.கி. சேர்ந்துவிட வேண்டும் என்பதே இலக்கு. எனவே வாராந்திர முறையில் ஐந்து ஊசி முடிந்து ஆறாவது தள்ளிப்போனால் பதற வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்து நாலு முதல் நாலரை மாதம் பிடிக்கும். வேலை, குழந்தைகள் பள்ளி, தங்குமிடம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னால்?

முதலில் உடற்பரப்புக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். உயரத்தையும் (செ.மீ.) எடையையும் (கிலோ) பெருக்கி 3600ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டர் கிடைக்கும். 160 செ.மீ., 55 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 1.56. அவருக்கு வாரம் 40 மி.கி. வீதம் என்றால் சுமார் 62 மி.கி.: 50 மி.கி. குப்பி ஒன்று, 10 மி.கி. குப்பி இரண்டு. ஜெம்சிட்டபின் ஒரு ஊசிக்கு 1560 மி.கி.: 1 கிராம் குப்பி ஒன்று, 200 மி.கி. குப்பி மூன்று. சிகிச்சையில் எடை குறைந்தால் கணக்கும் மாறும், ஆகவே ஏழு வாரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டாம்.

சிஸ்பிளாட்டினைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் மருந்து பொடியாகப் படிந்துவிடும். மருந்தென்றால் ஐஸ் பெட்டி என்று நினைத்துக் கொண்டுபோய்க் கெடுக்கிறவர்கள் உண்டு. வெயில் படாமல், காகித அட்டையோடு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஏப்ரல் வெயிலில் பஸ் மேல்தட்டில் போட்டு மோல்மீனிலிருந்து கொண்டுவருவதும் ஆகாது. பெயர், அளவு, காலாவதித் தேதி, பேட்ச் எண் நான்கையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கீமோவிலேயே கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. இனிக் கதிர்வீச்சு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இங்கே நின்றுபோனால் நோய் திரும்பும், திரும்பியது முன்னைவிட முரடாக இருக்கும். கீமோ மட்டும் இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. கட்டி எங்கெல்லாம் இருந்ததோ அந்தப் பழைய எல்லை முழுவதற்கும் கதிர் பட வேண்டும். அதனால்தான் கீமோவுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் பொக்கிஷம். அதன் வட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

பல் முதலில். சொத்தையாகி ஆடுகிற பல்லைக் கதிர்வீச்சுக்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கிப் புண் ஆற விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் இறந்துபோகிற ஆபத்து உண்டு, அது வாழ்நாள் முழுதும் தொடரும். வெற்றிலைக் கறை படிந்த வாயைப் பல் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம்.

ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி சோதனை கண்டிப்பாக வேண்டும். பர்மாவில் அந்தக் கிருமி பலர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. கீமோவும், வாந்திக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனும் அதைத் தட்டி எழுப்பிக் கல்லீரலைக் கெடுத்துவிடலாம். கிருமி இருந்தால் கீமோவுக்கு முன்பே என்டெகாவிர் போன்ற மாத்திரை தொடங்கி, கீமோ முடிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டும். சிகிச்சை முடிந்த சந்தோஷத்தில் அதை நிறுத்திவிடக் கூடாது.

சிறுநீரகச் சோதனை, காது கேட்கும் சோதனை, சர்க்கரை அளவு இவையும் வேண்டும். குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் அதைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது.

முகமூடி எதற்கு? மொட்டை போட வேண்டுதல் இருக்கிறது, தாலி இருக்கிறது. என்ன செய்வது?

பிளாஸ்டிக் வலையைச் சூடான நீரில் இளக்கி முகம், தோள் மேல் படியவைத்து இறுகவிடுவார்கள். தினமும் தலை ஒரே நிலையில், மில்லிமீட்டர்க் கணக்கில் அசையாமல் இருக்க அது வேண்டும். பார்வை நரம்பும் மூளைத்தண்டும் கட்டிக்கு அருகிலேயே இருக்கின்றன. மூச்சுவிட வலையில் துளை இருக்கும். பயமாக இருந்தால் கை தூக்கினால் நிறுத்துவார்கள்.

மொட்டை போடுவதாக இருந்தால் முகமூடி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். நடுவில் போட்டால் முகமூடி தளர்ந்துபோகும். தாடிக்கும் அதே கணக்கு. தாலி, மூக்குத்தி, தோடு, தாயத்து, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் ஸ்கேனுக்கும் ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் கழற்ற வேண்டும். வெறும் மஞ்சள் கயிறானாலும் கழுத்தில் இருக்கக் கூடாது, அது தோலை உரசிப் புண்ணாக்கும். கையில் கட்டிக்கொள்ளலாம். இதைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முந்தின நாள் பேசாமல், வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசி முடிவுசெய்தால் ஆஸ்பத்திரி வாசலில் அழுகை இருக்காது.

எடை குறைந்தாலும் முகமூடி தளரும். தளர்ந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். புது முகமூடியும் புதுத் திட்டமும் தேவைப்படலாம். கட்டி சுருங்குவதாலும் இது நேரும்.

ஒருநாள் கதிர்வீச்சு விட்டுப்போனால் என்ன?

தலை-கழுத்துப் புற்றுநோய்களில், மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய்க் கட்டுப்பாடு 1 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் ஓய்வு கிடைத்தால் மிஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகும்.

பர்மாவில் காலண்டரைப் பார்க்காமல் தேதி வாங்கக் கூடாது. ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை பல நாள். அப்போது கருவி ஓடுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஓடாது என்றால், விடுபடும் பிரிவுகளைச் சனிக்கிழமை தருவார்களா, அல்லது ஒரே நாளில் இரண்டு பிரிவாகத் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டு என்றால் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். கருவி பழுதானாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். கடைசியில் நாட்களைச் சேர்த்து நீட்டுவதைவிட நடுவிலேயே ஈடுகட்டுவது நல்லது.

பீலிக்கான் தீமிதி, பங்குனிக் காவடி, குலதெய்வப் பூசை இவற்றுக்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். விரதமும் இந்த ஏழு வாரத்துக்கு வேண்டாம். வேண்டுதலை அடுத்த ஆண்டு செலுத்தலாம், வீட்டில் வேறொருவர் அவருக்காக இருக்கலாம்.

பெகுவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரம் முடியும். வாய் புண்ணான பிறகு முடியாது. ரங்கூனில் சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவதே சரி.

சிஸ்பிளாட்டின் போடும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

சிறுநீரகம். இந்த மருந்தின் நஞ்சு அங்கேதான் முதலில் தாக்கும். மருந்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றிரண்டு லிட்டர் உப்பு சலைன் ஏற்றுவார்கள். அதில் மக்னீசியமும், தேவைப்பட்டால் பொட்டாசியமும் சேர்ப்பார்கள். குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் ஏற்றினால் கேளுங்கள், இந்த மருந்துக்கு உப்பு நீர்தான். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ஒரு அளவுப் பாத்திரத்தில் பிடித்து எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று நாள், இதயக் கோளாறு இல்லாதவர்கள், தினமும் குறைந்தது 2 லிட்டர் ஏதாவது திரவம் குடிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் மாத்திரைகளும் ஜென்டாமைசின் ஊசியும் கூடவே கூடாது. தெருமுனைக் கடையில் தலைவலிக்குத் தரும் கலவைப் பொட்டலத்தில் இவை இருக்கலாம்.

வாந்தி முதல் நாளைவிட 2 முதல் 5ஆம் நாள்வரை அதிகம் படுத்தும். ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், இரவில் ஓலான்சபின் என்று எழுதித் தந்ததை வாந்தி வராவிட்டாலும் சொன்ன நாள்வரை போட வேண்டும். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவுக்காரர்கள் அந்த நாட்களில் வீட்டில் அளந்து பாருங்கள். காதில் ரீங்காரம், விரல் நுனி மரத்தல், கால் பிடிப்பு வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள். பிறகு சொன்னால் அந்தப் பாதிப்பு நீங்காமலே போகலாம்.

மருந்து போட்ட 48 மணி நேரம் சிறுநீர், வாந்தியைக் கையுறை போட்டுத் துடைத்து, கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.

எப்போது ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் (38 செல்சியஸ்) தொட்டால். வெள்ளணு குறைந்த நேரத்தில் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிர்க்கு ஆபத்தாகலாம். காய்ச்சலைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீரே விழுங்க முடியாவிட்டாலும், 12 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், மூக்கிலோ வாயிலோ ரத்தம் நிற்காவிட்டாலும் அதேபோல்.

வாய்ப்புண் வந்து சாப்பிட முடியவில்லை. எப்படிச் சமாளிப்பது?

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி, கடைசி வாரத்திலும் முடிந்த பின் இரண்டு வாரமும் உச்சத்தில் இருக்கும். இதற்கு முன்கூட்டியே தயாராகாத வீட்டில்தான் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். முதல் நாளிலிருந்தே செய்யுங்கள், புண் வரக் காத்திருக்காதீர்கள். காரமான மவுத்வாஷ் வேண்டாம். குழந்தைகள் பயன்படுத்தும் மென்மையான பிரஷ் போதும். வெள்ளைத் திட்டுகள் வந்தால் அது பூஞ்சை, தனி மருந்து உண்டு. வலிக்கு மார்ஃபின் எழுதினால் பயப்பட வேண்டாம். சாப்பிடுவதற்கு அரைமணி முன்பு போட்டால் சாப்பாடு இறங்கும். மலச்சிக்கலுக்குக் கூடவே மாத்திரை கேளுங்கள்.

தேவை: கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 55 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 1650 கலோரி, 66 முதல் 82 கிராம் புரதம். வெறும் கஞ்சியில் இது வராது. கஞ்சியில் பால் பவுடரும் முட்டை வெள்ளையும் கலக்குங்கள், பாசிப்பருப்பை மசித்து நெய் விடுங்கள், ஷான் டோஃபுவைக் கூழாகக் குடிக்கக் கொடுங்கள். மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பிடித்தவர்களுக்கு அதையே காரம், எலுமிச்சை, பொரித்த துணைகள் இல்லாமல் மிக்ஸியில் அடித்துத் தரலாம். மீன் சாறு நல்ல புரதம். சைவர்கள் பால், தயிர், பருப்பு, சோயா வழியாக எட்டிவிடலாம், ஆனால் தினமும் கணக்குப் போட வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். 5 சதவீதம் குறைந்தாலே டாக்டரிடம் சொல்லுங்கள், 10 சதவீதம் வரை விடக் கூடாது. மூக்குக் குழாய் வைக்கலாம் என்றால் சம்மதியுங்கள். குழாய் வைப்பதைக் கடைசிக் கட்டம் என்று நினைத்து மறுப்பவர்கள் அதிகம். அது சிகிச்சையை முடிக்க வைக்கும் கருவி, பெரும்பாலும் சில வாரத்தில் எடுத்துவிடுவார்கள். குழாய் இருந்தாலும் தினமும் சில மடக்கு வாயால் விழுங்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கும் தசை மறந்துவிடும்.

கழுத்தில் தனக்கா (பர்மிய மரப்பட்டைச் சாந்து) பூசலாமா?

கூடாது. கதிர் படும் முகத்திலும் கழுத்திலும் தனக்கா, மஞ்சள், விபூதி, குங்குமம், பவுடர் எதுவும் வேண்டாம். வாசனையில்லாத கிரீம், பருத்தித் துணி போதும். எஞ்சிய உடம்பில் பூசிக்கொள்ளலாம்.

வெற்றிலையும் சுருட்டும்?

இன்றே நிறுத்த வேண்டும். புகை கதிர்வீச்சின் வேலையைக் கெடுக்கிறது. சுண்ணாம்பும் புகையிலையும் புண்ணான வாயில் நெருப்பு. நோய் குணமான பிறகும் வேறொரு வாய்ப்புற்றுநோய்க்கு அவை வழி.

சித்த மருந்து, பர்மிய நாட்டு மருந்து கூடவே சாப்பிடலாமா?

சிகிச்சை நடக்கும் மாதங்களில் வேண்டாம். குறிப்பாகப் பஸ்பம், செந்தூரம். பாதரசமும் ஈயமும் கலந்த மருந்துகளும் சிஸ்பிளாட்டினும் ஒரே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது, சிறுநீரகமும் பலவீனம். கீமோ வேண்டாமா?

வயது மட்டும் தடையில்லை. சிறுநீரக வடிகட்டல் போதாவிட்டால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டினோ நெடாபிளாட்டினோ தரலாம். 2007இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் கார்போபிளாட்டின் ஒப்பிடக்கூடிய பலனைத் தந்தது, தாங்குவதும் எளிதாக இருந்தது. அதுவும் முடியாவிட்டால் கதிர்வீச்சு மட்டும், முழு அளவில்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா? கதிர் உடம்பில் தங்குமா?

இரண்டும் இல்லை. தட்டு, தலையணை பிரிக்க வேண்டாம். பேரக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம். குழந்தைக்குச் சளி இருந்தால் மட்டும் தள்ளி இருங்கள், அது நோயாளியைக் காப்பதற்கு.

சென்னை, வேலூர், பாங்காக் போகலாமா?

ரங்கூன், மாந்தலே பொது மருத்துவமனைகளில் கதிர்வீச்சுப் பிரிவு உண்டு. முக்கியமானது, ஐ.எம்.ஆர்.டி. முறை அங்கே இந்த நோய்க்குக் கிடைக்கிறதா, எத்தனை வாரக் காத்திருப்பு என்ற இரண்டு கேள்விகள். உமிழ்நீர்ச் சுரப்பியைத் தப்பவைத்துக் கதிர் பாய்ச்சுவது அந்த முறைதான். வெளிநாடு போவதானால் தொடக்கத்திலேயே போங்கள். இங்கே பாதி, அங்கே மீதி என்றால் ஒரு இடத்துத் திட்டம் மற்ற இடத்துக் கருவிக்குப் பொருந்தாது, நடுவில் வாரங்கள் வீணாகும். பயாப்ஸி மெழுகுக் கட்டி, கண்ணாடிச் சில்லுகள், எம்.ஆர்.ஐ. வட்டு, கொடுத்த கீமோவின் தேதியும் மில்லிகிராமும் எழுதிய தாள் நான்கும் கையில் இருக்க வேண்டும். முன்கீமோவை மட்டும் ஊரில் முடித்துக்கொண்டு கதிர்வீச்சுக்கு வெளியே போவது செலவைக் குறைக்கும் ஒரு வழி. அப்படியானால் கதிர்வீச்சுத் தேதியை முதல் கீமோவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

முடிந்த பிறகு?

மூன்று மாதத்தில் எண்டோஸ்கோப்பியும் எம்.ஆர்.ஐ.யும். அதற்கு முன் எடுத்தால் புண்ணையும் நோயையும் பிரித்தறிவது கடினம். வசதி உள்ள இடத்தில் ரத்தத்தில் எப்ஸ்டைன்-பார் வைரஸின் டி.என்.ஏ.வை அளப்பார்கள். சிகிச்சை முடிந்த பின்னும் அது தங்கியிருந்தால் கண்காணிப்பு நெருக்கமாக வேண்டும். சிலருக்குக் கேப்சிட்டபின் என்ற கீமோ மாத்திரையைக் குறைந்த அளவில், சதுர மீட்டருக்கு 650 மி.கி. வீதம் தினம் இருவேளை, ஓராண்டு தருகிறார்கள். 2021இல் வெளியான சீன ஆய்வில், நோய் திரும்பாமல் மூன்றாண்டு கடந்தவர்கள் இதனால் 75.7இலிருந்து 85.3 சதவீதமாக உயர்ந்தார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிந்தால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்பதால் அந்தக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

வீட்டு வேலைகள் தொடரும். கால் லிட்டர் கொதித்து ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலந்து தினம் ஒன்றிரண்டு முறை மூக்கைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரை நேரே விட வேண்டாம். வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் நாக்கை அழுத்தும் மரக் குச்சிகளைப் பற்களுக்கு நடுவே அடுக்கி, நாளுக்கு நாள் ஒரு குச்சி கூட்டிப் பயிற்சி செய்யுங்கள். இறுகிய தாடையைப் பிறகு திறப்பது மிகக் கடினம். கழுத்துக் கதிர்வீச்சு தைராய்டைக் களைத்துவிடும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தச் சோதனை பாருங்கள், சோர்வும் எடை ஏற்றமும் வந்தால் உடனே. உமிழ்நீர் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும் என்பதால் ஃபுளோரைடு பற்பசை எப்போதும் வேண்டும். பத்து ஆண்டு கழித்து எந்த ஊர்ப் பல் டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே தாடைக்கு எத்தனை கிரே கதிர் பட்டது என்று எழுதிய தாளைக் காட்டுங்கள்.